கால்சட்டைப் பையில் பாதி பிஸ்கட்

வாசகர் கேள்விக்குக் குழந்தைகள் மனநல ஆலோசகரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்:

எழுதியவர் 26 வயது ஆசிரியை. மழலையர் பள்ளி ஒன்றில் சேர்ந்து எட்டு மாதமாகிறது. வகுப்பில் மூன்றிலிருந்து ஐந்து வயது வரை 22 பிள்ளைகள். பெரும்பாலும் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகள்; வேலை கிடைக்கும் இடம் பார்த்துக் குடும்பமே இடம் மாறும். அவர்களில் நான்கு வயதுப் பையன் ஒருவன்தான் இவருக்குக் கவலை. (பெயர் வேண்டாம், தம்பி என்றே வைத்துக்கொள்வோம்.) கொடுக்கும் பிஸ்கட்டில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொள்கிறான். கிரேயானும் அப்படியே காணாமல் போகிறது. வரிசையில் நிற்கச் சொன்னால் முன்னால் நிற்பவனைத் தள்ளுகிறான், ஒருமுறை கடித்தும் விட்டான். கூப்பிட்டால் சில நாள் திரும்புகிறான், சில நாள் திரும்புவதில்லை. பேசுவது அரிது, பேசினாலும் பாதி புரிவதில்லை.

உடன் வேலை பார்க்கும் மூத்த ஆசிரியை, "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா, விடும்மா" என்கிறார். இவர் விடவில்லை. தினமும் தனியாக உட்கார வைத்து எழுத்துச் சொல்லித் தருகிறார். மாலையில் தன் வீட்டுக்கே அழைத்துப் போய்ப் படிக்க வைக்கலாமா என்றும் நினைக்கிறார். பிறந்தநாளுக்குப் புதுச் சட்டையும் செருப்பும் வாங்கித் தந்திருக்கிறார். மறுநாள் பொட்டலம் பிரிக்காமலே திரும்பி வந்தது, பிறகு மூன்று நாள் தம்பி வரவில்லை. இதற்கிடையில் வேறு இரண்டு வீட்டார், "எங்கள் பிள்ளையை அவன் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்" என்கிறார்கள். "அவனுக்கு என்னை விட்டால் யாருமில்லை. அவன் அம்மா அவனைக் கண்டுகொள்வதேயில்லை. நான் என்ன செய்யட்டும்?" என்று கடிதம் முடிகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை ஒரு வரியில் நின்றுவிட்டேன். "துவைக்கும்போது பையெல்லாம் பிஸ்கட் தூளாகத்தான் இருக்கும், ஆனால் அவன் அம்மா ஒரு நாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு அக்கறை இல்லை என்பதற்கு அதை ஓர் ஆதாரமாக வைக்கிறீர்கள். எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. கேட்கவில்லை என்றால் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கலாம். வீட்டில் நடக்கப் பழகும் தங்கை ஒருத்தி இருக்கிறாள் என்று இன்னொரு பக்கத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மீதிப் பாதி அவளுக்காக இருக்கலாம். ராத்திரிப் பசிக்காகவும் இருக்கலாம். எதுவானாலும் நான்கு வயதில் ஒருவன் நாளைக்கு என்று எடுத்து வைக்கிறான் என்றால் அவன் மந்தம் இல்லை. கணக்குத் தெரிந்த பிள்ளை.

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2013-ல் வெளியான ஒரு சோதனையைச் சொல்கிறேன். மூன்றிலிருந்து ஐந்து வயது வரை 28 பிள்ளைகள். படம் வரைய உட்கார வைத்து, "கொஞ்சம் பொறு, இதைவிட நல்ல கிரேயான் கொண்டு வருகிறேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போவார். பாதிப் பேருக்குச் சொன்னபடியே கொண்டு வந்தார். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, "மன்னித்துக்கொள், இல்லையாம்" என்றார். அடுத்து ஸ்டிக்கர், அதிலும் அப்படியே. அதற்கப்புறம்தான் பலரும் கேள்விப்பட்டிருக்கும் மிட்டாய்ப் பரீட்சை: இப்போதே தின்றால் ஒன்று, கால் மணி நேரம் காத்திருந்தால் இரண்டு. சொன்ன சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் பொறுத்தது 3 நிமிடம். அவர்களை ஏமாற்றியது இரண்டே தடவை, அதுவும் கிரேயானிலும் ஸ்டிக்கரிலும். தம்பியின் வீட்டில் "நாளைக்கு" என்று சொன்னது எத்தனை தடவை நடக்காமல் போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அம்மா பொய் சொல்லியிருக்க மாட்டார். வேலை இருந்திருக்காது, அவ்வளவுதான். பையன் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் என்னவோ ஒன்றுதான்: கையில் இருப்பதுதான் நிஜம்.

அதனால் அவன் பையைத் துழாவுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மற்றப் பிள்ளைகள் முன்னால் அதை ஒருமுறை செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் செய்தது என்பது புரிகிறது, ஆனால் இனி வேண்டாம். அவனுக்கு என்று ஒரு டப்பா கொடுங்கள். 22 பேருக்கும் கொடுக்க முடிந்தால் இன்னும் நல்லது, அவன் தனித்துத் தெரிய மாட்டான். பெயர் படிக்கத் தெரியாத வயது, ஆளுக்கொரு படம் ஒட்டுங்கள். அதில் வைத்தது மறுநாள் காலையில் அப்படியே இருக்க வேண்டும். துப்புரவு என்ற பெயரில்கூட யாரும் கை வைக்கக் கூடாது. வீட்டுக்குப் போகும்போது இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளிப்படையாகவே ஒரு வழக்கம் வைத்துவிடுங்கள். கொடுப்பது உறுதி என்று தெரிந்துவிட்டால் பதுக்க வேண்டிய தேவை குறையும். ஒரு வாரத்தில் குறைந்துவிடாது, மாதக்கணக்கில் ஆகலாம். நடுவில் ஒரு நாள் நீங்கள் சொன்ன சொல் தவறினால் பழைய இடத்துக்கே திரும்பிப் போவான். முடியாத நாளில் முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவன் தாங்குவான்.

வரிசை விஷயத்தில் உங்களிடம் கொஞ்சம் சண்டை போடத் தோன்றுகிறது. கை கழுவ 22 பேரை ஒரே வரிசையில் நிற்க வைத்தால் கடைசிப் பிள்ளை எத்தனை நிமிடம் சும்மா நிற்க வேண்டும்? பெரியவர்களே வரிசையில் முண்டுகிறோம். ஐந்தைந்து பேராக அனுப்புங்கள், தம்பியை முதல் ஐந்தில் சேருங்கள். தள்ளுவது பாதி குறைந்துவிடும்.

வளைப்பதற்கு முன்னால், கேட்கிறதா என்று பாருங்கள்

சில நாள் திரும்புகிறான், சில நாள் திரும்புவதில்லை என்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது. இந்த வயதில் சளி பிடித்து நடுக்காதில் நீர் தேங்குவது சாதாரணம். வலி பெரிதாக இருக்காது, கேட்பது மட்டும் மங்கும். சளி கூடினால் மங்கும், குறைந்தால் தெளியும். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? "அவனுக்குக் கேட்க வேண்டியது மட்டும் கேட்கும்" என்றுதான் தோன்றும்.

நானே அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறுமியின் கோப்பில் "கவனக் குறைவு, பிடிவாதம்" என்று எழுதி வைத்தேன். ஆறு மாதம் கழித்து இன்னொரு மருத்துவர் காதைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் என் மண்டையில் உறைத்தது. பின்னாலிருந்து பேசினால் திரும்பாதவள், முன்னால் உட்கார்ந்து பேசினால் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அந்த ஆறு மாதமும் அவளைத் திட்டியவர்களில் நானும் ஒருத்தி.

கேட்புப் பரிசோதனை, கண் பரிசோதனை, ரத்தத்தில் இரும்புச் சத்து எவ்வளவு என்ற பரிசோதனை, மூன்றும் வேண்டும். இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளை சோர்ந்து கிடக்கும், எரிச்சல்படும், சொல்வதில் மனம் ஒட்டாது. சில பிள்ளைகள் மண்ணைத் தின்னும். இதையெல்லாம் பார்க்காமல் குணத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது, விளக்கைப் போடாமல் புத்தகத்தைக் குறை சொல்வது போல.

பேச்சும் அப்படித்தான். நான்கு வயதுப் பிள்ளை பேசுவது வெளியாருக்கும் பெரும்பாலும் புரிய வேண்டும். ஆனால் அதற்கு முன் அம்மாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "வீட்டில் பேசுகிறானா? நீங்கள் பேசும் பேச்சில் பேசும்போது உங்களுக்குப் புரிகிறதா?" வீட்டில் வாயாடி, பள்ளியில் மட்டும் ஊமை என்றால் அது வேறு. புதுப் பேச்சுக்குப் பழகும் பிள்ளைகள் கொஞ்ச காலம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பதும் உண்டு. பள்ளியில் சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்காமல், அதற்கு மேலும் மாதக்கணக்கில் அப்படியே இருந்தால் ஒரு மனநல ஆலோசகரிடம் காட்டலாம். வீட்டிலும் பேச்சில்லை, அம்மாவுக்கும் புரிவதில்லை என்றால் பேச்சுப் பயிற்சியாளர் தேவை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எழுத்து இப்போது வேண்டாம்

மற்றப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஈடாக இவன் ஓட வேண்டும், அதனால் இப்போதே எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று பதறுகிறீர்கள். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மழலையர் பள்ளி என்ன தருகிறது என்பதற்கு உலகத்தில் அதிகம் பேசப்படும் சான்று, 1962-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலான்டி என்ற ஊரில் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வு. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் பிள்ளைகள் 123 பேர். அவர்களில் 58 பேருக்கு மட்டும் பள்ளி. முதலில் அவர்களுடைய அறிவுத் திறன் மதிப்பெண் ஏறியது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். சில வருடங்களில் அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. அத்தோடு விட்டிருந்தால் தோல்வி என்றே எழுதியிருப்பார்கள். ஆனால் 40 வயது வரை அவர்களை விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். பள்ளிக்குப் போனவர்களில் அதிகம் பேர் வேலையில் இருந்தார்கள், சம்பளமும் கூட, போலீசில் பிடிபட்டதும் குறைவு. மதிப்பெண்ணில் நிற்காத ஏதோ ஒன்று வாழ்க்கையில் நின்றிருக்கிறது. சின்ன ஆய்வு, அதை வைத்து எல்லாவற்றையும் சாதித்துவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மழலையர் பள்ளி என்றாலே நன்மை என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் ஏறத்தாழ மூவாயிரம் பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் 2022 அறிக்கைப்படி, மழலையர் பள்ளிக்குப் போன பிள்ளைகள் ஆறாம் வகுப்பில் போகாதவர்களைவிட மதிப்பெண்ணில் பின்தங்கினார்கள், ஒழுங்கு நடவடிக்கைக்கும் அதிகம் ஆளானார்கள். ஏன் என்று இன்னும் விவாதம் நடக்கிறது. உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பது அதிகம், விளையாட்டும் பேச்சும் குறைவு என்பது சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. என் அனுபவமும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

எழுத்துக்குப் பதில் என்ன? பேச்சு. நீங்கள் பேசுவது அல்ல, அவன் தொடங்கியதைப் பிடித்துக்கொண்டு போவது. தண்ணீர்த் தொட்டியில் குவளையைக் கவிழ்த்துவிட்டு, "தண்ணி போச்சு" என்கிறான் என்று வையுங்கள். "ஆமா, தண்ணி போச்சு! எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் காத்திருங்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். நாம் மூன்றிலேயே வாயைத் திறந்துவிடுவோம். எட்டில் அவன் தரையைக் காட்டலாம். "தரைக்குப் போச்சா? ஓட்டையில போயிடுச்சா?" இப்படி ஒரு நாளில் நான்கைந்து தடவை நடந்தால், எழுத்துப் பலகையோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவதைவிட எவ்வளவோ மேல். அவன் வீட்டு வழக்கில் சொன்ன சொல்லைத் திருத்தாதீர்கள். அப்படியே ஏற்றுக்கொண்டு, உங்கள் பதிலில் உங்கள் சொல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டையும் வைத்துக்கொள்ள அவனுக்கு இடம் இருக்கிறது. "அப்படிப் பேசாதே" என்றால் அவனுக்குக் கேட்பது, "உன் அம்மா பேசுவது தப்பு" என்பதுதான்.

திரும்பி வந்த பொட்டலம்

உங்களுக்கு வலித்திருக்கும். ஆனால் அந்த அம்மாவின் இடத்திலிருந்து பாருங்கள். பிள்ளையின் பிறந்தநாளுக்கு அவரால் வாங்க முடியாததை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், பிள்ளையின் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். பிரித்துப் பார்த்தால் ஆசை வந்துவிடும் என்றுகூடப் பிரிக்காமல் அனுப்பியிருக்கலாம். இதற்குக் கர்வம் என்று பெயர் வைக்காதீர்கள்.

1907 ஜனவரியில் இத்தாலிய மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரி ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் தன் முதல் பள்ளியைத் தொடங்கியபோது வந்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போகும் ஏழைகளின் பிள்ளைகள். பெற்றோர் இல்லாத நேரத்தில் கட்டடத்தைப் பாழாக்குகிறார்கள் என்றுதான் அவர்களுக்கு ஓர் அறையே ஒதுக்கினார்கள். ஒரு நாள் அவர், கைக்குட்டையால் சத்தம் அதிகம் வராமல் மூக்குச் சிந்துவது எப்படி என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்டினார். சிரிப்பார்கள் என்று நினைத்தால், கைதட்டினார்கள். ஒழுகும் மூக்குக்காக எல்லோரும் அவர்களைத் திட்டியிருக்கிறார்கள். எப்படிச் சிந்துவது என்று அவமானப்படுத்தாமல் சொல்லிக் கொடுத்தவர் அதுவரை யாருமில்லை. உங்கள் சட்டையிலும் செருப்பிலும் அன்பு இருந்தது. அந்த அம்மாவின் மானத்துக்கு அதில் இடம் இல்லாமல் போயிற்று. அப்படி ஏதாவது தர வேண்டுமென்றால் பள்ளி மூலமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் போகட்டும்.

பெற்றோர் கூட்டத்துக்கு அவர் வருவதில்லை என்கிறீர்கள். கூட்டம் காலை பதினொரு மணிக்கு. அன்றாடக் கூலிக்காரருக்கு அது ஒரு நாள் சம்பளம். பெர்ரி பள்ளியில் ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம் வீட்டுக்கே போய் அம்மாவோடும் பிள்ளையோடும் உட்கார்ந்தார்கள். நீங்கள் அவ்வளவு செய்ய வேண்டியதில்லை. அழைக்காமல் போய் நிற்கவும் வேண்டாம். பிள்ளையைக் கொண்டுவிட வரும் அந்த இரண்டு நிமிடம் போதும். முதல் பேச்சு குறையாக இருக்கக் கூடாது. "அம்மா, சட்டை விஷயத்தில் உங்களைக் கேட்காமல் செய்தது என் தப்பு" என்று ஆரம்பியுங்கள். அப்புறம் கேள்வி: "அவன் அழுதால் நீங்கள் என்ன செய்து சமாதானப்படுத்துவீர்கள்? எனக்கும் சொல்லித் தாருங்கள்." அவனை நான்கு வருடம் வளர்த்தவர் அவர். உங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

வறுமையை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. விளையாடும் பிள்ளைக்கு முழங்காலிலும் நெற்றியிலும் காயம் சகஜம். காதிலும் கழுத்திலும் வயிற்றிலும் கன்றிப்போன தடம் சகஜம் இல்லை. அப்படி எதையாவது பார்த்தால், அல்லது அவனே ஏதாவது சொன்னால், துருவிக் கேட்காதீர்கள். அவன் சொன்ன வார்த்தையை அப்படியே தேதியோடு எழுதி வைத்து, பள்ளிப் பொறுப்பாளரிடமும், குழந்தைப் பாதுகாப்புக்கு உங்கள் பகுதியில் பொறுப்பானவர்களிடமும் அன்றே சொல்லுங்கள். விசாரிப்பது அவர்கள் வேலை. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மாலையில் வீட்டுக்கு அழைத்துப் போகும் யோசனையை விட்டுவிடுங்கள். ஏதாவது ஒன்று ஆனால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் ஒருவர்தான், பள்ளி துணைக்கு வராது. அந்த அம்மாவுக்கோ அது பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வது போல் தோன்றும். நாளை அந்தக் குடும்பம் வேலை தேடி வேறு ஊருக்குப் போனால், தம்பி இரண்டு வீட்டைப் பிரிவான்.

பக்கத்தில் உட்கார வைக்காதே என்பவர்கள்

இதில் இரண்டு புகார் கலந்திருக்கலாம். "என் பிள்ளையைக் கடித்துவிட்டான்" என்பது நியாயமான புகார். என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள், யார் பக்கத்தில் இருப்பார் என்று விவரமாகச் சொல்லுங்கள். "அவன் அந்த மாதிரி வீட்டுப் பிள்ளை" என்பது அடுத்தது. அதற்கு விளக்கம் தேவையில்லை, "இந்த வகுப்பில் அப்படிப் பிரித்து உட்கார வைப்பதில்லை" என்ற ஒரு வாக்கியம் போதும். குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 1989-ல் நிறைவேறியது. குழந்தையின் இனம், பிறப்பு, பெற்றோரின் நிலை எதை வைத்தும் பாகுபாடு கூடாது என்று அதன் இரண்டாவது பிரிவே சொல்கிறது. இந்த வாக்கியத்தைப் பள்ளிப் பொறுப்பாளர் வாயால் சொல்ல வையுங்கள். புது ஆசிரியை தனியாகத் தாங்க வேண்டிய சுமை அல்ல இது.

மூத்த ஆசிரியையிடம் வாதம் செய்ய வேண்டாம். முதல் ஐந்து வருடம் முக்கியம் என்பது உண்மை, அதற்குப் பிறகு கதவு சாத்திவிடும் என்பது உண்மையில்லை. பொறுத்துப் போவதற்கும் யோசித்துச் செய்வதற்கும் உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயது தாண்டியும் வளர்கிறது. அவருக்கு இருபது வருட அனுபவம் என்கிறீர்கள். ஐந்தைந்து பேராக அனுப்பும்போது இரண்டாவது ஐந்தைப் பார்த்துக்கொள்ள அவரிடமே உதவி கேட்டுப் பாருங்கள்.

"என்னை விட்டால் யாருமில்லை" என்ற வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கடிதத்தில் தம்பிக்கு ஓர் அம்மா இருக்கிறார், பாதி பிஸ்கட்டுக்கு உரிமையுள்ள ஒரு தங்கை இருக்கிறாள். நீங்கள் காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை அவனுக்கு நம்பகமான ஓர் ஆள். அது சின்னது இல்லை. மூன்று மணிக்கு மேல் நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். மற்ற 21 பேரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதையும் கவனித்தேன்.

டப்பாவும் கை கழுவும் ஏற்பாடும் அடுத்த வாரம் ஆரம்பித்தால் போதும். காது பரிசோதனையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். அம்மாவைக் கேட்டு, அவருக்கு வேலை இல்லாத நாளாகப் பார்த்து நாள் குறியுங்கள். அவர் சம்மதித்தால் நீங்களும் கூடப் போங்கள். பிள்ளை அம்மாவின் மடியில் உட்காரட்டும்.